புக்கிட் தீமா மண்ணுக்குள் என்ன நடக்கிறது? காட்டு மண்ணும் பூச்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைச் சிங்கப்பூரின் புக்கிட் தீமா, மெக்ரிட்சி காடுகளுக்குக் கூட்டிக்கொண்டு நடப்பது என் வழக்கம். குரங்கு பார்க்கவும் பறவை பார்க்கவும்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் தரையைக் காட்டுவேன். முதலில் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும். அரை மணி நேரத்தில் கேள்வி மேல் கேள்வி வரும். பாட்டிமார் கேட்பது ஒன்று, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கேட்பது வேறொன்று. ஆனால் வாராவாரம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் சில இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

காடு இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, மண் ரொம்ப வளமானதாகத்தானே இருக்கும்?

இல்லை. பெரும்பாலானோர் இங்கேதான் தவறுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வண்டல் மண்ணைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பச்சை என்றால் வளமான மண் என்று மனதில் பதிந்திருக்கும். புக்கிட் தீமா மலைக்கு அடியில் இருப்பது கருங்கல். அது பல்லாயிரம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து, இன்று சிவப்பும் மஞ்சளுமான களிமண்ணாக நிற்கிறது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இத்தனை மழையில் தண்ணீரில் கரையக்கூடிய சத்தெல்லாம் எப்போதோ கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அமிலத்தன்மை மிகுந்த, சத்துக் குறைந்த மண்.

அப்படியானால் மரங்கள் எப்படி வளர்கின்றன? சத்து பெரும்பாலும் மண்ணில் சேமித்து வைக்கப்படவில்லை. உயிரோடு இருக்கிற மரம், இலை, வேர், பூஞ்சை, பூச்சி இவற்றின் உடம்பிலேயே அது சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓர் இலை விழுந்தால் அதிலுள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மழையில் அடித்துக்கொண்டு போவதற்குள் இன்னொரு வேருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் கைமாற்றம் நடக்கும் இடம் மேல்மண்ணின் சில அங்குலம்தான். ஆகவே காட்டு மரங்களின் வேர்களும் அந்த மேலடுக்கிலேயே வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன.

இந்தச் சுற்று அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், கென்ட் ரிட்ஜ் பூங்காவுக்குப் போனால் போதும். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் முழுக்க காம்பியரும் (தோல் பதனிட இலைச்சாறு தரும் செடி) மிளகும் பயிரிட்டார்கள். காம்பியர் இலையைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும் என்பதால் பக்கத்துக் காட்டையும் வெட்டினார்கள். பதினைந்து ஆண்டு போல ஆனதும் நிலம் ஓய்ந்துவிடும். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். அப்படிக் கைவிடப்பட்ட நிலத்தில் முளைத்த புதர்க்காடு இன்றும் இருக்கிறது. மலாயில் தியூப் தியூப் என்று சொல்லும் மரம் அங்கே அதிகம். நூறாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த மண் இன்னும் மீளவில்லை. அமில, கார அளவுகோலில் (pH) அது 4க்கும் கீழே, அதாவது கடும் அமிலம். பழைய காட்டு மரங்கள் அங்கே திரும்பி வர மிகவும் சிரமப்படுகின்றன. நான் கென்ட் ரிட்ஜுக்குப் போகும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும்.

அப்படியென்றால் பூச்சிகளின் வேலை என்ன?

சத்தைக் கைமாற்றுவது. ஒரு வரியில் சொன்னால் அவ்வளவுதான், ஆனால் ஒரு கைப்பிடி சருகைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும்.

ஒரு முறை தாம்சன் பக்கம் ஒரு தோழியின் வீட்டுத் தோட்டத்து மூலையில், மாமர நிழலில், நெடுநாள் யாரும் கூட்டாத சருகைக் கொஞ்சம் அள்ளி ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடியில் கொட்டினோம். முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே அசையவில்லை. அப்புறம் எள்ளைவிடச் சின்னதாக வெள்ளையாய் ஏதோ துள்ளியது. வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்த வாலை விடுவித்துத் துள்ளும் சிறு உயிர் அது. அதற்குப் பின்னால் ஓட்டைவிழுந்த ஓர் இலை. நரம்பு மட்டும் மிச்சம், நடுவெல்லாம் சல்லடை. அந்த ஓட்டைகளின் ஓரத்தில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். பூச்சிகளின் எச்சம்தான். சிறு கரப்பான் குஞ்சு ஒன்று, வண்டுப் புழு ஒன்று, இரண்டு வகை எறும்பு, ஒரு மரவட்டை. பத்து நிமிடத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டோம்.

அந்தக் கரும்புள்ளிகள்தான் முக்கியம். முழு இலையைப் பூஞ்சையும் நுண்ணுயிரும் மட்டும் மட்க வைக்க நாளாகும். பூச்சி அதை மென்று தூளாக்கினால், நுண்ணுயிர் ஒட்டிக்கொள்ளும் பரப்பு பல மடங்காகிறது. வயிற்றுக்குள் ஈரமும் கதகதப்பும் சேர்ந்து பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அது மட்டுமல்ல. பூச்சி நடக்கும், துளைக்கும், கீழே இருப்பதை மேலேயும் மேலே இருப்பதைக் கீழேயும் கொண்டுபோகும். அந்தத் துளைகள் வழியாகக் காற்றும் மழைநீரும் மண்ணுக்குள் இறங்குகின்றன. களிமண்ணில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். துளையில்லாத களிமண்ணில் தண்ணீர் தேங்கும், அல்லது மேலாக வழிந்தோடும். சரிவான மலையில் வழிந்தோடினால் மேல்மண்ணும் சேர்ந்து போய்விடும்.

மண்புழு இதையெல்லாம் செய்யாதா?

செய்யும். காட்டில் மண்புழு இருக்கிறது, மழைக்குப் பிறகு பாதையிலேயே நீளமானவற்றைப் பார்க்கலாம். ஆனால் தாழ்நில வெப்பமண்டலக் காட்டில், முக்கியமாகப் பட்டுப்போன மரத்தைக் கரைக்கும் வேலையில், பெரும்பங்கு கறையானுடையது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கறையான் என்றாலே அழிவுதானே? அதனால் மண்ணுக்கு என்ன நன்மை?

செல்லரித்த புத்தகம், செல்லரித்த கதவு என்றே பழகிவிட்டோம். ஆனால் மரக்கட்டையைச் செரிக்கக்கூடிய உயிர்கள் உலகில் மிகக் குறைவு. மரத்தின் நார்ப்பொருளை உடைப்பது சாதாரண வயிற்றால் ஆகாது. கறையானின் குடலில் அதற்கென்றே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் சில காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்துத் தழைச்சத்தாக மாற்றும். பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் நடப்பது போன்ற வேலை அது. தழைச்சத்து மிகக் குறைந்த காய்ந்த கட்டையைத் தின்று உயிர்வாழ வேறு வழி இல்லை. கறையான் செத்தாலும், அதை எறும்பு தின்றாலும், அந்தச் சத்து கடைசியில் மண்ணுக்குத்தான் வருகிறது.

கறையானில் பல வகை உண்டு. ஒரு வகை விவசாயம் செய்கிறது. சருகையும் கட்டையையும் தின்று, எச்சத்தால் புற்றுக்குள் கடற்பஞ்சு மாதிரி ஒரு அடுக்கைக் கட்டி, அதில் பூஞ்சையை வளர்க்கிறது. பிறகு அந்தப் பூஞ்சையையும், அது பதப்படுத்திய அடுக்கையும் உண்கிறது. மழை விட்டதும் புற்றின் மேல் குடை விரிக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தில் விளைந்ததுதான். ஊரில் விடியற்காலையில் போய்ப் புற்றுக்காளான் பறித்து வந்து குழம்பு வைத்த பெரியவர்கள் நடையில் வரும்போது, இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். அவர்கள் தின்றதும் கறையானின் விளைச்சல்தான்.

இன்னொரு வகை மண்ணையே தின்னும். மண்ணோடு இறுகிப் பிணைந்துகிடக்கும் மட்கை உருவி எடுப்பது கடினமான காரியம். அதற்காக இந்த வகைகள் சிலவற்றின் குடலின் ஒரு பகுதி, வெற்றிலைச் சுண்ணாம்பு போல அவ்வளவு காரமாக இருக்கிறது; அமில, கார அளவுகோலில் 12 வரை போகும். அறியப்பட்ட உயிரினங்களின் குடலிலேயே இது மிக அதிகக் காரங்களில் ஒன்று. அந்தக் காரத்தில் மட்கு களிமண்ணை விட்டுப் பிரிகிறது. காட்டை வெட்டி வெயில் உள்ளே விழ வைத்தால், முதலில் காணாமல் போவது பெரும்பாலும் இந்த மண் தின்னும் வகைகள்தான். கட்டை தின்னும் வகைகள் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

மூன்றாவது வகையை புக்கிட் தீமாவிலேயே நேரில் பார்க்கலாம். காலையில் பாதையோர வேலிக்கம்பியிலோ வேர் மேலோ கறுப்பாக ஒரு கோடு ஓடும். எறும்பு என்றுதான் எல்லோரும் தாண்டிப் போவார்கள். குனிந்து பாருங்கள். இடுப்பு ஒடுங்கியிருக்காது, கறையான்! வெளிச்சத்தில், வெட்டவெளியில், ஆயிரக்கணக்கில் வரிசையாகப் போகும். இருபுறமும் தலை கூர்த்த சிப்பாய்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி நிற்கும். எதிரி வந்தால் அந்தக் கூர்முனையிலிருந்து பிசினைப் பீய்ச்சும். நடுவில் வேலைக்காரக் கறையான்கள் மரத்தின் மேல் படர்ந்த பாசியையும் மரப்பாசிப் படலத்தையும் சுரண்டி, வாயில் ஒரு சிறு உருண்டையாகப் பிடித்துக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும். ஒரு நாள் அந்த உருண்டைகளை ஒரு குட்டிப் பெண் எண்ண ஆரம்பித்தாள். முந்நூறு வரை எண்ணிவிட்டு, “இது எப்ப முடியும்?” என்று கேட்டாள். முடியவில்லை. நாங்கள் மலையேறி இறங்கி வரும்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மர உச்சியில் இருக்கும் சத்து இப்படி ஒவ்வொரு வாயாகக் கீழே வருகிறது.

எங்கள் வீட்டு அலமாரியை அரித்த கறையானும் இதுவும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. உலகில் ஏறக்குறைய 3,000 கறையான் இனங்கள் இருக்கின்றன. வீடுகளுக்குப் பெரிய சேதம் செய்பவை அதில் ஒரு சிறு பங்குதான். சிங்கப்பூரில் வீட்டை அரிப்பதில் முதலிடம் மண்ணுக்கடியில் கூடு கட்டும் ஒரு குறிப்பிட்ட ஆசிய இனத்துக்கு. சுவரில் மண்குழாய் கட்டி ஏறி வரும் அது. வீட்டில் அப்படி மண்குழாய் தெரிந்தால் தயங்காமல் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் காட்டில் புற்றைக் கண்டதும் காலால் உதைக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத கொலை.

புற்றுமண் வளமானது என்கிறார்களே, கொஞ்சம் எடுத்து வந்து தொட்டியில் போடலாமா?

வளமானது என்பது சரிதான். பூஞ்சை வளர்க்கும் கறையான்கள் ஆழத்திலிருந்து களிமண்ணை மேலே கொண்டுவந்து எச்சிலால் பிணைத்துக் கட்டுகின்றன. அதனால் சுற்றியுள்ள மேல்மண்ணைவிடப் புற்றுமண்ணில் களியும் சுண்ணாம்புச் சத்தும் பல இடங்களில் அதிகம். அமிலத்தன்மையும் குறைவாக இருக்கும். தாய்லாந்திலும் லாவோஸிலும் விவசாயிகள் புற்றுமண்ணை வெட்டி வயலில் பரப்புவது பழைய வழக்கம். நம் ஊர் இயற்கை வைத்தியத்தில் உடம்புக்குப் பூசுவதும் அதே மண்.

ஆனால் இங்கே இயற்கை வனப்பகுதியிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது, ஒரு சருகைக்கூட. சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், கைவிடப்பட்ட புற்றுகூட மழையில் கரைந்து நாலாபக்கமும் பரவி, சத்துக் குறைந்த அந்தக் காட்டில் ஆங்காங்கே ஒரு வளமான திட்டாக மாறுகிறது. ஒரே மாதிரி இல்லாமல் இடத்துக்கு இடம் மண் மாறுவதால்தான் விதவிதமான மரங்களுக்கு அங்கே இடம் கிடைக்கிறது. அந்தத் திட்டைத் தொட்டிக்குக் கொண்டுவந்தால், காட்டுக்கு நட்டம், தொட்டிக்குப் பெரிய லாபமும் இல்லை.

மழை பொய்த்தால் இவை என்ன செய்யும்?

2014 பிப்ரவரி நினைவிருக்கிறதா? ஏறக்குறைய மழையே இல்லாமல் புல்தரையெல்லாம் பழுப்பாகிப் போனது. காட்டுக்கும் அப்படிப்பட்ட நாட்கள் வரும்.

இதைப் பற்றி மலேசியாவின் சபா மாநிலத்தில், மலியாவ் பள்ளத்தாக்குக் காட்டில் ஒரு நல்ல சோதனை நடந்தது. காட்டின் சில துண்டுகளில் மட்டும் கறையான்களைக் கட்டுப்படுத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த தூண்டில், மருந்து தடவிய கழிவறைக் காகிதச் சுருள்! மரநார்தானே, விரும்பித் தின்னும். பக்கத்துத் துண்டுகளில் கறையானை அப்படியே விட்டார்கள். அந்தச் சமயத்தில் 2015-16இன் கடுமையான எல் நினோ வறட்சி வந்து சேர்ந்தது. கறையான் இருந்த துண்டுகளில் வறட்சிக் காலத்தில் அதன் நடமாட்டம் கூடியது. சருகு சீக்கிரம் மட்கியது, மண்ணில் ஈரம் கூடுதலாக இருந்தது, நட்ட நாற்றுகளும் அதிகம் பிழைத்தன. ஆழத்து ஈரத்தைக் கறையான் மேலே கொண்டுவருவது ஒரு காரணம். அதன் மண்கூரைகளும் சுரங்கங்களும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வறட்சி முடிந்து மழை திரும்பியதும் இரண்டு துண்டுகளுக்கும் இடையே அந்த வித்தியாசம் மங்கிப்போனது. அதாவது நல்ல காலத்தில் கண்ணுக்கே படாமல் இருந்து, கெட்ட காலத்தில் காட்டைத் தாங்குகிறது. 2019இல் இந்த முடிவுகள் வெளிவந்தபோது நான் அதைச் சொல்லாத ஆளில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலத்தில் நடந்த இன்னொரு ஆய்வில், எறும்பும் கறையானும் இருந்த வயலில் விளைச்சல் 36 விழுக்காடு கூடியது. மண்ணில் அவை போட்ட துளைகளால் தண்ணீர் நன்றாக இறங்கியதும், தழைச்சத்து கூடியதும் காரணம். அது வேறு தட்பவெப்பம், அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் மருந்தடித்துவிட்டு உரம் வாங்குகிற பழக்கத்தை நினைத்தால் யோசிக்க வைக்கிறது.

எறும்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றனவா?

ஓரளவு. கறையான் தாவரத்தை மட்க வைக்கிறது. எறும்பு பெரும்பாலும் தூக்கிப் போகிறது. செத்த பூச்சி, விதை, பழத்துண்டு எதுவானாலும் கூட்டுக்குப் போய்விடும். மலியாவ் காட்டிலேயே எறும்புகளைக் கட்டுப்படுத்திப் பார்த்த ஆய்வில், காட்டுத் தரையில் வைத்த உணவில் 52 விழுக்காட்டை அகற்றியது எறும்புகள்தான் என்று தெரிந்தது. அவை இல்லாத இடத்தில் வேறு எதுவும் அந்த வேலையை ஈடுகட்டவில்லை. தூக்கிப் போனதன் மிச்சம் கூட்டுக்குள்ளோ வெளியிலோ குப்பைக்குழியாகச் சேரும். அந்த இடத்து மண் சுற்றிலும் உள்ளதைவிடச் சத்தானது. வேர்கள் அங்கே தேடி வரும்.

புக்கிட் தீமாவில் மாலை மங்கும் நேரம் மரத்தடி மண்ணிலிருந்து வெளியே வரும் ராட்சத எறும்பைப் பாருங்கள். அதன் சிப்பாய்கள் கிட்டத்தட்ட 3 செண்டிமீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய எறும்புகளில் ஒன்று. கட்டெறும்புக்கே அலறுகிற பிள்ளைகள் இதைக் கண்டதும் அமைதியாகிவிடுவார்கள். சும்மா நின்று பார்த்தால் அது தன்பாட்டுக்குப் போகும்.

சாணி வண்டு சிங்கப்பூரில் இருக்கிறதா?

இருக்கிறது. உருட்டிக்கொண்டு போகும் வண்டு படத்தில்தான் எல்லோருக்கும் பழக்கம். இங்கே அதிகம் காண்பது சாணத்துக்கு அடியிலேயே குழி பறித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை. குரங்கு எச்சம் பாதையோரம் கிடந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். எச்சம் தானாக மூச்சு விடுவதுபோல லேசாக ஏறி இறங்கும். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் புது மண் துகள் குவியும். கீழே வண்டு தோண்டுகிறது.

சத்து மழையில் கரைந்து ஓடுவதற்குள் வேருக்குப் பக்கத்தில் புதைக்கப்படுகிறது, கூடவே பழ விதைகளும் புதைகின்றன. இந்த வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா அனுபவித்தது. அங்குள்ள வண்டுகளுக்குக் கங்காரு எச்சம் பழக்கம், மாட்டுச் சாணம் பழக்கமில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் காய்ந்த சாணத்தால் மூடிப்போய், ஈக்கள் பெருகின. ஜார்ஜ் போர்னமிஸா என்ற அறிவியலாளர் சொன்ன யோசனைப்படி 1960களின் இறுதியிலிருந்து வெளிநாட்டுச் சாணி வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நம் சிக்கல் வேறு. சாணி வண்டு வாழப் பெரிய விலங்கு வேண்டும். சிங்கப்பூரின் ஆதிக்காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டது. அதோடு பெரிய விலங்குகளும் போயின. இப்போது குரங்கும் காட்டுப்பன்றியும்தான் முக்கிய ஆதாரம். காட்டுப்பன்றி என்றாலே தொல்லை என்று பேசுகிறோம். வண்டு பக்கத்திலிருந்தும் ஒரு முறை பாருங்கள்.

மண்ணில் சின்னச் சின்ன மண்கோபுரம் நிற்கிறதே, அது என்ன?

விரல் உயரத்துக்கு, உள்ளே கூடாக இருந்தால் சிள்வண்டாக இருக்கலாம். காதைத் துளைக்கும் அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வேரின் சாற்றை உறிஞ்சிக்கொண்டே கழிக்கிறது. மேலே வரப்போகும் நேரத்தில் ஈரமண்ணைப் பிசைந்து புகைபோக்கிபோலக் கட்டும். உதைத்து உடைக்க வேண்டாம், உள்ளே ஆள் இருக்கலாம். அதுவும் கீழ்மண்ணை மேலே கொண்டுவரும் ஒரு வேலைதான், கறையானோடு ஒப்பிட்டால் சிறியது.

விழுந்த மரத்தை ஏன் அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள்? சுத்தம் செய்யக் கூடாதா?

பாதையை மறித்தால் அறுத்து ஓரத்தில் போடுகிறார்கள். மற்றபடி அங்கேயே கிடப்பதுதான் சரி. நம்மூர்ச் சுத்தப் பழக்கத்துக்கு இது உறுத்தும், எனக்கும் முதலில் உறுத்தியது. உலகக் காடுகளில் பட்டுப்போன மரங்கள் மட்கும்போது வெளியாகும் கரிமத்தில் (கார்பனில்) ஏறக்குறைய 29 விழுக்காடு பூச்சிகளின் வேலையால் என்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பங்கு வெப்பமண்டலத்தில்தான் மிக அதிகம். கரிமம் ஒரு பக்கம் காற்றுக்குப் போகிறது. மறுபக்கம், பெரிய மரம் பல பத்தாண்டுகள் சேர்த்து வைத்த சத்து அடுத்த தலைமுறைக்குத் திறந்துவிடப்படுகிறது.

ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854இல் புக்கிட் தீமாவில் தங்கிப் பூச்சி சேகரித்தபோது, இரண்டு மாதம் போலத் தேடியதில் சுமார் 700 வண்டு இனங்கள் கிடைத்தன. பெரும்பாலும் ஒரு சதுர மைல் பரப்புக்குள். அப்போது பக்கத்திலேயே காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட மரமும் பட்டையும் அவருக்குப் பெரிய உதவி. பட்டுப்போன மரம் வண்டுகளுக்கு எவ்வளவு முக்கியம் என்று அதிலேயே தெரிகிறது.

பூமி சூடாவதில் கறையானுக்குப் பங்கு உண்டு என்கிறார்களே?

கறையான் மீத்தேன் வெளியிடும், உண்மை. உலக மீத்தேனில் அது சில விழுக்காடு மட்டுமே. புற்றுச் சுவரிலேயே வாழும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை வெளியே போகுமுன் உண்டுவிடுகின்றன. கவனிக்க வேண்டியது வேறொன்று. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் கறையான் கட்டையைக் கரைக்கும் வேகம் 6.8 மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2022இல் உலகளாவிய ஆய்வு ஒன்று காட்டியது. நுண்ணுயிருக்கு அது இரண்டு மடங்குக்கும் குறைவு. சூடாகும் உலகில் கறையானின் எல்லை விரியும்.

எல்லாப் பூச்சியும் மண்ணுக்கு நல்லதுதானா?

இல்லை. இடம் மாறி வந்தவை கேடு செய்யும். மஞ்சள் நிறத்தில் நீளக் கால்களோடு தாறுமாறாக ஓடும் ஓர் எறும்பு உண்டு, சிங்கப்பூரிலும் பார்க்கலாம். அது இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் பெருகி, ஒரு கோடிக்கும் மேலான செந்நண்டுகளைக் கொன்றது. அங்கே சருகைத் தின்பதே அந்த நண்டுகள். நண்டு போனதும் சருகு குவிந்தது, நாற்றுகள் நெருக்கியடித்து முளைத்தன, காட்டின் அடித்தளமே மாறிப்போனது.

பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் என்ன ஆகிவிடும்?

மண் இறுகும். ஆயிரம் பேர் மிதித்த மண்ணில் துளைகள் நசுங்கி, காற்றும் தண்ணீரும் இறங்காது, பூச்சியும் விலகிப்போகும். புக்கிட் தீமாவின் பாதைகளையும் சரிவுகளையும் சீரமைக்க 2014 முதல் 2016 வரை பெரும்பகுதியை மூடவே வேண்டியிருந்தது. பலகைப்பாதை போட்டிருப்பது உங்கள் செருப்பு அழுக்காகாமல் இருக்க மட்டும் அல்ல.

எங்கள் அடுக்குமாடி புளோக்குச் சமூகத் தோட்டத்துக்கு இதில் ஏதாவது பயன் உண்டா?

உண்டு, இதை நான் பட்டுத்தான் கற்றேன். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு வாரமும் சருகைக் கூட்டிக் கறுப்புப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, மாதாமாதம் கலவை மண் மூட்டை வாங்கினோம். எறும்பு தெரிந்தால் மருந்து. ஒரு சமயம் துப்புரவுக்கு வந்தவர்கள் நாங்கள் மட்கப் போட்டிருந்த குவியலையும் சேர்த்து அள்ளிப் போய்விட்டார்கள். எனக்கு இரண்டு நாள் வருத்தம். அப்புறம் கூடிப் பேசி முறையை மாற்றினோம். சருகைக் கையால் நொறுக்கி, கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் அடியில் இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்பினோம், மருந்தை நிறுத்தினோம். சில மாதங்களில் குச்சியால் குத்தினால் இறங்காத மண் விரலுக்கே இறங்கியது.

ஒரு எச்சரிக்கை: டெங்கி. பெரிய இலை குழிந்து கிடந்தால் அதில் தேங்கும் ஒரு கரண்டி தண்ணீர் போதும், ஏடிஸ் கொசு முட்டையிடும். ஆகவே முழு இலையாகக் குவிக்காதீர்கள். நொறுக்குங்கள், மழைக்குப் பின் கிளறிவிடுங்கள், பலா, வாழை, தேக்கு மாதிரி அகன்ற இலைகளைக் கிழித்துப் போடுங்கள். கட்டடச் சுவரை ஒட்டிக் கட்டைகளைக் குவிக்க வேண்டாம், வீட்டுக் கறையானுக்கு அது அழைப்பு.

பிள்ளைகளோடு பார்க்க எது நல்ல நேரம்? என்ன கொண்டுவர வேண்டும்?

மழை பெய்த மறுநாள் காலை ஏழு மணி. மூடிய காலணி, கொசு மருந்து, தண்ணீர், ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. கையில் உணவுப் பொட்டலம் வேண்டாம், குரங்கு பிடுங்கும். கட்டையைப் புரட்ட வேண்டாம், பலகைப்பாதையில் நின்றபடியே போதுமான அளவு தெரியும். வேலிக்கம்பியைப் பிடிக்குமுன் ஒரு முறை பாருங்கள், கறுப்புக் கறையான் வரிசை அதன் மேல்தான் போய்க்கொண்டிருக்கும்.